பேருந்து விட்ட தண்ணீர்

மழை ஓய்ந்து பதினெட்டு நாள்கள் ஆகியும் ஷரீஃபுன்னிசாவின் பட்டறை வாசலில் மட்டும் தண்ணீர் வற்றவில்லை. தாராவியின் தொண்ணூறடிச் சாலை முழுவதும் அக்டோபர் வெயிலில் காய்ந்து புழுதி பறந்துகொண்டிருந்தது. அவளுடைய வாசற்படிக்கு நான்கடி தள்ளி, கேபிள் புதைக்க வந்தவர்கள் நடைபாதைக் கற்களைப் பெயர்த்துப்போட்டுப் போன பள்ளத்தில், ஒரு சாண் ஆழத்துக்கு நீர் நின்றது. சாக்கடை நீர் அன்று; கண்ணாடி போன்ற நீர். அடியில் கிடந்த பீடித் துண்டில் சுற்றிய சிவப்பு நூல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

அந்த நீரில்தான் புழு நெளிந்தது.

மாநகராட்சிப் பூச்சி ஒழிப்புப் பிரிவின் ஆய்வாளர் வானமாமலை, நீண்ட கைப்பிடியுள்ள வெள்ளை அகப்பையால் நீரை முகந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக வசிக்கும் குடும்பம் அவருடையது. எந்தப் பட்டறையிலும் தேநீர் வாங்கிக் குடிக்கமாட்டார். எவரையும் அதட்டவும் மாட்டார்.

"டெங்கு பரப்பற ஏடிஸ் கொசுதான். சந்தேகமே இல்லே," என்றார். "இது உங்க இஸ்திரித் தண்ணிதானேம்மா?"

அவர் அப்படி நினைத்ததில் பிழையில்லை. ஆஸ்பத்திரித் தாதியருக்கான சீருடைகளைத் தைத்து, நீராவி இஸ்திரி போட்டு அனுப்புவதே ஷரீஃபுன்னிசாவின் தொழில். ஏழு தையல் இயந்திரங்கள், இரண்டு இஸ்திரி மேசைகள், ஒன்பது பேர். கதவுக்குப் பின்னால் மூடி போட்ட நீல டிரம் ஒன்று தண்ணீருடன் நிற்கும்.

"இல்ல சார். எங்க தண்ணி பைப்பு வழியா கட்டர் சாக்கடைக்குப் போயிரும். இது பஸ்ஸு விடுத தண்ணி."

"பஸ்ஸா? ரேடியேட்டர் ஒழுகறதா?"

"அந்தப் புது நீல பஸ்ஸு சார். டீசலும் கெடையாது, சார்ஜும் கெடையாதுங்காவ. பொகைக்குப் பதிலா தண்ணிதான் விடுமாம்."

வானமாமலை அகப்பையை உதறினார். அந்தப் பேருந்துகளைப் பற்றி அவருக்குத் தெரியும். ஒரு தனியார் நிறுவனம் செம்பூரில் பணிமனை அமைத்துச் சோதனை முறையில் ஆறு பேருந்துகளை ஓட்டிக்கொண்டிருந்தது. கலங்களில் அடைத்த ஹைட்ரஜன் வாயு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடும். அந்தச் சேர்க்கையில் பிறக்கும் மின்சாரத்தால் சக்கரம் சுழலும். மிஞ்சுவது தண்ணீர் மட்டுமே. திறப்பு விழாவன்று பெரிய அதிகாரி ஒருவர் அந்தத் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் குடித்த படம் செய்தித்தாளில் வந்திருந்தது.

"அது ஆவியாத்தான் போகும். சொட்டாதுன்னு கம்பெனிக்காரா எழுதிக் குடுத்திருக்கா," என்றார் அவர்.

"எழுதுனவுக இங்கன வந்து நின்னு பாக்கணும் சார்."

அவர் சிரிக்கவில்லை. கதவில் முதல் நோட்டீசை ஒட்டினார். மூன்றாம் முறையும் புழு காணப்பட்டால் பட்டறைக்குச் சீல் வைக்கப்படும் என்று அதில் அச்சிட்டிருந்தது.

சீல் என்ற சொல்தான் ஷரீஃபுன்னிசாவைச் சுட்டது. அபராதம் என்றால் ஒரு நாள் துன்பம், கட்டிவிட்டு மறந்துவிடலாம். ஆனால் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான கணக்கெடுப்பு அந்நாள்களில் சந்து சந்தாக நடந்துகொண்டிருந்தது. பூட்டிய கதவுக்கு எண் எழுதமாட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. எண் இல்லாத பட்டறை இல்லாத பட்டறைதான். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் தைத்துக்கொண்டிருந்த இடம் எவனோ ஒருவன் கையிலிருக்கும் காகிதத்தில் வெறும் சுவராகிவிடும்.

சும்மா இருப்பவள் அல்லள் அவள். பள்ளத்தைச் செங்கல் துண்டுகளால் நிரப்பினாள். தண்ணீர் அடுத்த பள்ளத்தைத் தேடிக்கொண்டது. காலையில் துடைப்பத்தால் தள்ளினாள். பதினோரு மணிக்குப் பேருந்து வந்து மீண்டும் நிரப்பிவிட்டுப் போயிற்று. மாலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை. பட்டறைக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் தள்ளவும் ஆளில்லை.

பேருந்தின் ஓட்டுநர் வேல்ராஜ் அயலான் அல்லன். தாராவியிலேயே பிறந்தவன், ஆலங்குளத்துக்காரர் மகன், முன்பு டாக்சி ஓட்டியவன். செம்பூருக்குத் திரும்புமுன் பத்து நிமிடம் பட்டறைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, அரைத் தம்ளர் கட்டிங் சாய் குடிப்பான். ஒரு நாள் காலையில் ஷரீஃபுன்னிசா அவன் எதிரே போய் நின்றாள்.

"வேலு, உன் பஸ்ஸு என் வாசல்ல ஒண்ணுக்கு இருக்குது. அதுக்கு நான் நோட்டீஸ் வாங்குதேன்."

"அக்கா, அது மினரல் வாட்டர விட சுத்தம். பெரிய சாப்பே குடிச்சாரு."

"அவரு ஒரு கிளாஸ் குடிச்சாரு. நீ தெனம் ரெண்டு வாளி விடுதியே, மிச்சத்த யாரு குடிக்கது? எங்கிட்டிருந்தோ கொசு வந்து குடிச்சிட்டு முட்டயும் போட்டுட்டுப் போவுது."

வேல்ராஜ் தம்ளரைக் கீழே வைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளதைச் சொன்னான். ஓடும்போது பாதி நீர் ஆவியாகிப் போகும். நெரிசலில் நின்று நின்று வரும் வண்டியில் மீதி குளிர்ந்து அடித்தொட்டியில் சேரும். தொட்டி நிறைந்தால் முன்பலகையில் விளக்கு எரியும். ஒரு பொத்தானை அழுத்தினால் நீர் இறங்கிவிடும். அதைப் பணிமனையில் இறக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

"பின்ன இங்க எதுக்குல விடுத?"

"யார்டுல டைல்ஸ் போட்டிருக்காங்க. தண்ணி பட்டா வழுக்குது; ரெண்டு பேரு விழுந்து ஒருத்தனுக்கு முட்டி போச்சு. அதுல இருந்து சூப்பர்வைசர், 'பாஹர் காலி கர்கே ஆனே கா', வெளியவே காலி பண்ணிட்டு வான்னு சொல்லிட்டான். வாயாலதான் சொல்லுவான், பேப்பர்ல தரமாட்டான்."

"அத அந்த ஆபீசர்ட்ட சொல்லு."

"சொட்டாதுன்னு கம்பெனி எழுதிக் குடுத்தாச்சு. சொட்டுதுன்னு நான் சொன்னா யாரு பொய்யன்? எனக்கு ரெண்டு புள்ளைய அக்கா. இந்த லஃப்டா வேண்டாம்."

அவள் மேலும் வற்புறுத்தவில்லை. வானமாமலைக்குத் தொலைபேசியில் சொன்னாள், ஓட்டுநர் பெயரை மட்டும் விட்டுவிட்டு. கல்லூரியில் வேதியியல் படித்தவர் அவர். பொய்யைக் காட்டிலும் அரைகுறைப் பேச்சையே அதிகம் வெறுப்பவர்.

"பஸ்ஸுக்குள்ளே உண்டாற ஜலம்னா அதுல உப்பே இருக்கப்படாது. குழாய்த் தண்ணியிலே கட்டாயம் இருக்கும். எங்காத்து ஆர்.ஓ.வுக்கு வாங்கின உப்பு அளக்கற மீட்டர் ஒண்ணு இருக்கு. பள்ளத்துத் தண்ணி வேண்டாம், அதுல புழுதியெல்லாம் கரைஞ்சிருக்கும். பஸ்லேர்ந்து விழறச்சேயே பிடிச்சு வையுங்கோ. திங்கட்கிழமை வரேன்."

சுத்தமாகப் பிடித்து வைக்கவேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது. எதில் பிடிப்பது என்பதுதான் கேள்வி. பட்டறைப் பாத்திரங்களில் நூலும் பஞ்சும் ஒட்டியிருக்கும். வீட்டுப் பாத்திரங்களில் சோப்பும் புளியும். சோதனை என்று வந்தபின் ஒரு குறையும் இருக்கலாகாது. யோசித்துப் பார்த்தபோது அவள் கண் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று.

அங்கே ஒரு வெள்ளைக் கேன் இருந்தது. அவளுடைய மச்சான் இனாயத்துல்லா உம்ராவுக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்த மக்காவின் ஜம்ஜம் கிணற்று நீர், ஐந்து லிட்டர். குர்லாவிலும் மாஹிமிலும் இருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் சிறு சிறு போத்தல்களில் பங்கிட்டுக் கொடுத்ததுபோக, அடியில் ஒரு தம்ளர் அளவு மிஞ்சியிருந்தது. அந்தக் கேனைச் சோப்பு தொட்டதில்லை, எச்சில் பட்டதில்லை, தொழுகைக்குப்போல் ஒளுச் செய்து கழுவாத கை தூக்கியதில்லை. அதைவிடச் சுத்தமான பாத்திரம் தாராவியில் எங்கே கிடைக்கும்? அடியில் இருந்த நீரைக் கொட்டிவிட்டுப் பிடிக்கலாமே என்ற எண்ணம் அவளுக்கு வரவேயில்லை. அந்த நீரைச் சாக்கடையில் ஊற்றும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. இருந்தால்தான் என்ன? சுத்தத்தோடு சுத்தம் சேர்கிறது. நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் வேல்ராஜ் தேநீர்க் கடைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபோது, அவள் பேருந்தின் அடியில் கேனை நீட்டி முக்கால் லிட்டர் போலப் பிடித்து, மூடியை இறுக்கி வைத்தாள்.

திங்கட்கிழமை வானமாமலை வந்தார். சட்டைப் பையிலிருந்து பேனா போன்ற மீட்டரை எடுத்தார். முதலில் பட்டறைக் குழாய் நீரில் அதை நனைத்தார். எண்பத்து நான்கு என்று காட்டியது. கேனிலிருந்து ஒரு தம்ளரில் ஊற்றி, மீட்டரைத் துடைத்துவிட்டு நனைத்தார். நூற்று ஐம்பத்திரண்டு.

அவர் மறுபடியும் துடைத்தார், மறுபடியும் நனைத்தார். எண் மாறவில்லை.

"குழாய்த் தண்ணியை விட உப்பு ஜாஸ்தி இருக்கேம்மா," என்றார் நிதானமாக. "இது டாங்கர் தண்ணியோ போர் தண்ணியோ. பஸ் தண்ணி இல்லே."

"அல்லா மேல ஆணையா பஸ்ஸுல இருந்துதான் சார் புடிச்சேன்."

"நீங்க சொல்றேள். மீட்டர் வேற சொல்றது. நான் என்னத்தை எழுத?"

பள்ளத்தில் அகப்பையை விட்டார். புழு இருந்தது. இரண்டாம் நோட்டீசை முதல் நோட்டீசின் பக்கத்தில், சாயாமல், அளவெடுத்தாற்போல் ஒட்டினார். வியாழக்கிழமை காலை மறுபடியும் வருவதாகவும், அன்றைக்கும் இருந்தால் தம் கையில் ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இயந்திரங்கள் ஓடின. ஷரீஃபுன்னிசா இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்று, ஏற்கெனவே மடித்த சீருடைகளை மீண்டும் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். தான் பொய்க்காரியாகிவிட்டதை அவளால் விழுங்க முடியவில்லை.

அன்று பிற்பகல் அவளுடைய மகள் நுஸ்ரத் தலைவலி என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். துணி வெட்டுவதும் பெட்டி கட்டுவதும் அவள் பொறுப்பு. அலமாரியின் மேல்தட்டை நோக்கியவள் திரும்பினாள்.

"உம்மா, ஜம்ஜம் எங்க? ஒரு மடக்கு இருந்துச்சே."

"அந்தக் கேன்லதான் பஸ் தண்ணி புடிச்சேன்."

"மிச்சம் இருந்தது?"

"அதுவும் அதுலதான் கெடக்கு."

நுஸ்ரத் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "க்யா உம்மா! பஸ் ஒண்ணுக்கு இருக்குன்னு நீங்கதான் சொன்னிய. அதைப் போயி ஜம்ஜம்ல கலந்து வச்சிருக்கிய. பெரியவாப்பா கேட்டா நான் இல்ல, நீங்கதான் பதில் சொல்லணும். நான் இப்ப என்னத்தக் குடிக்க?"

"பொத்திக்கிட்டு இரு. பச்சத்தண்ணியக் குடி."

"பச்சத்தண்ணில அந்த டேஸ்ட் வருமா? அது லேசா கரிச்சுக்கிட்டு..."

ஷரீஃபுன்னிசாவின் கையிலிருந்த சீருடை பாதி மடிப்பில் நின்றது. ஜம்ஜம் நீரைத் தானும் எத்தனையோ முறை குடித்திருக்கிறாள். நாக்கின் ஓரத்தில் மெல்லிய கரிப்பு படியும். தாகம் மட்டுமன்றிப் பசியும் அடங்கும். பிஸ்மி சொல்லிக் கேனிலிருந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடி, நாக்கில் நிறுத்திப் பார்த்தாள். மிகவும் நீர்த்துப் போயிருந்தது. இருந்தாலும் அந்தக் கரிப்பு அங்கே இருந்தது.

பேருந்துத் தண்ணீரில் உப்பு இல்லை. உப்பு அவளுடைய பக்தியில் இருந்தது.

உடனே வானமாமலைக்குத் தொலைபேசி செய்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"கேனை அலம்பலையாம்மா நீங்க?" என்றார் அவர்.

"அதக் கட்டர்ல ஊத்தப்படாது சார்."

"எங்காத்துலயும் காசிச் சொம்பு ஒண்ணு இருக்கு," என்றார் வானமாமலை. "எங்கப்பா கொண்டுவந்தது. நாப்பது வருஷமா அதை யாரும் திறக்கலை, கொட்டவும் விடமாட்டா. நல்லவேளை, சாம்பிள் பிடிக்கறதுக்கு அது என் கையிலே அகப்படலை. சரி, நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா என் நம்பிக்கையை ரிப்போர்ட்டிலே எழுத முடியாது. வியாழக்கிழமை என் கண்ணு முன்னாடி பஸ்லேர்ந்து விழணும். நானே பிடிக்கணும். அப்படி நடந்தா நோட்டீஸ் உங்க பேருக்கு வராது."

புதன்கிழமை மாலை அவள் வேல்ராஜிடம் போனாள். அவன் அவளைக் கண்டதும் எழுந்தான்.

"நீ ஒண்ணும் பேசாண்டாம் வேலு. எழுதித் தராண்டாம். நாளைக்குக் காலைல எப்பவும் போல வா, எப்பவும் போல நிறுத்து, எப்பவும் போல செய். அவ்வளவுதான்."

"ஆபீசரு நிப்பாரா?"

"நிப்பாரு."

அவன் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். ஏறியவன் அன்று பொத்தானை அழுத்தவும் இல்லை. பள்ளத்தில் பழைய நீர் மட்டும் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. தான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று ஷரீஃபுன்னிசாவுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நீலப் பேருந்து வந்தது. வானமாமலை நடைபாதையில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஷரீஃபுன்னிசாவின் கையில் எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. அதை முந்தின நாள் சோப்பில்லாமல் தேய்த்து, இஸ்திரி நீராவியில் காட்டி, உலரவைத்து, ஈரத்துணிகூடப் படாமல் மூடி வைத்திருந்தாள்.

வேல்ராஜ் இறங்கினான். எவரையும் பார்க்கவில்லை. தேநீர் வாங்கினான். ஒரு தம்ளர் முடிந்தது, இன்னொன்று வாங்கினான். அதுவும் முடிந்தது. பேருந்தின் அடியிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. வானமாமலை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; பிறகு பள்ளத்தைப் பார்த்தார். அகப்பை அவர் தோள்பையிலேயே இருந்தது.

வேல்ராஜ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தின நாள் மாலையும் இறக்காத தண்ணீர்; தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. இப்படியே செம்பூருக்குப் போனால் பணிமனை வாயிலைத் தாண்டும்போதே டைல்சின்மேல் வழியும். மேற்பார்வையாளன் அவனை நிற்கவைத்துக் கேட்பான். இங்கே இறக்கினால் ஆய்வாளர் பார்ப்பார். முன்னால் போனால் கிணறு; பின்னால் வந்தால் பள்ளம். ஆனால் பணிமனையில் அவன் ஒருவன்தான் மாட்டுவான். இங்கே மாட்டுவது யாரென்று நிச்சயமில்லை.

அவன் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினான்.

"சாப், அங்கிட்டுத் தள்ளி நில்லும். பேண்ட் நனைஞ்சிரும்."

பொத்தான் அமுங்கியது. குழாயிலிருந்து தண்ணீர் சளசளவென்று இறங்கிற்று. வானமாமலை குடையை ஷரீஃபுன்னிசாவிடம் கொடுத்துவிட்டு, டப்பாவை வாங்கி, முழங்காலை மடக்கிக் குனிந்து பிடித்தார். கால்சட்டை நனையத்தான் செய்தது. மீட்டரைத் துடைத்து நனைத்தார். நடைபாதையில் நின்ற ஏழெட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்று.

"இவ்வளவு சுத்தமா இருந்தா கொசு ஏன் வராது?" என்றார் வானமாமலை, தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல. "ஏடிஸுக்குச் சாக்கடை பிடிக்காது. பொகை இல்லாத பஸ்ஸை விட்டா, கொசுவுக்குத் தொட்டிலும் கட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுத்து. பஸ் நல்ல பஸ்தான். ஜலத்தை எங்கே விடறதுன்னு ஒருத்தரும் யோசிக்கலை."

பேருந்தின் எண், நேரம், மீட்டர் காட்டிய அளவு மூன்றையும் எழுதிக்கொண்டார். ஓட்டுநர் பெயரைக் கேட்கவில்லை. பிறகு பட்டறைக் கதவிலிருந்த இரண்டு நோட்டீசுகளையும் நகத்தால் கிழியாமல் உரித்தெடுத்துக் கோப்பில் வைத்தார். மூன்றாவது நோட்டீசு நிறுவனத்தின் பெயருக்குப் போயிற்று.

நிறுவனம் பத்து நாளில் பதில் அனுப்பியது. பொதுமக்கள் நலன் கருதி, பேருந்து நிற்கும் இடம் இருநூறடி தள்ளி மாற்றப்படுகிறது என்று அதில் இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேல்ராஜுக்கு ஒரு மெமோ வந்தது, வேலை போகவில்லை. பணிமனையில் டைல்ஸும் மாறவில்லை.

ஷரீஃபுன்னிசாவின் வாசற்பள்ளம் இரண்டே நாளில் காய்ந்தது. கணக்கெடுப்புக்காரர்கள் அடுத்த புதன்கிழமை வந்தபோது கதவு திறந்திருந்தது. நிலைக்கு மேலே கறுப்புச் சாயத்தில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். நுஸ்ரத் அதைக் கைப்பேசியில் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். இனாயத்துல்லா மச்சானிடம் கேனைப் பற்றி எவரும் மூச்சு விடவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு நாள், துணிக்கட்டை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, ஷரீஃபுன்னிசா நாகராஜின் கடைசல் பட்டறை வாசலில் நின்றாள். அங்கேதான் இப்போது நீலப் பேருந்து நின்றது. நாகராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெயர்ந்த கல்லுக்கு நடுவே தேங்கியிருந்த நீரை டால்டா டப்பாவால் முகந்து ஊற்றிக்கொண்டிருந்தான். கதவில் புத்தம் புதிய நோட்டீசு ஒன்று, சாயாமல், அளவெடுத்தாற்போல் ஒட்டியிருந்தது.

"பாருங்கக்கா கூத்த. புதுசா ஒரு பய இன்ஸ்பெக்டரா வந்திருக்கான். இது பஸ்ஸு விடுத தண்ணிடேன்னா, 'பைத்தியமா நீ'ங்கான்," என்றான் நாகராஜ். "மாட்டுங்கா அய்யரு மாத்தலாயிட்டாராம். புடிச்சு வையி, பாக்கலாம்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"எதுல புடிக்கப் போற?"

நாகராஜ் சுற்றுமுற்றும் பார்த்தான். கடைசல் பட்டறையில் எண்ணெய் படாத பாத்திரம் ஏது? கொஞ்சம் யோசித்தவன் முகம் தெளிந்தது.

"வீட்ல பழனிக்குப் பால்குடம் எடுத்த பித்தளச் சொம்பு ஒண்ணு இருக்குக்கா. பூசைக்குத் தவிர வேற எதுக்கும் தொடுததில்ல. அவ்வளவு சுத்தம். விபூதி மட்டும் லேசா..."

"இரு," என்றாள் ஷரீஃபுன்னிசா.

பட்டறைக்குப் போய் எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தாள், இஸ்திரி நீராவியில் இருமுறை காட்டினாள், ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு மூடியை இறுக்கிக்கொண்டு இருநூறடி நடந்துபோய் நாகராஜிடம் கொடுத்தாள்.

"இதுல புடி. வேற எதுலயும் புடிக்காத. அவன் முன்னாடியே புடி. சோலி முடிஞ்சதும் டப்பாவத் திருப்பிக் குடுத்துரு; பஸ்ஸு அடுத்து எவன் வாசலுக்குப் போவுதோ, அவன் கேப்பான்."